புல்தரையில் தண்ணீர் நிற்கிறதா? மணல் கொட்டுவதற்கு முன் ஒரு குழி தோண்டுங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். அம்பாறைக் கரையோரத்துக் காரைதீவில் 15 பேர்ச் காணி. வயலாக இருந்ததை நிரப்பி வீடு கட்டியது. முன் வளவில் மலேசியன் புல் பதித்திருக்கிறீர்கள். மதிலோரம் ஓர் அறையளவு இடம் கார்த்திகையில் நனையத் தொடங்கினால் மாசி வரை காய்வதில்லை. கால் வைத்தால் புதைகிறது, புல் மஞ்சளாகிறது, பாசி படர்கிறது. மேசன் "ரெண்டு டிப்பர் மணல் கொட்டுங்க, சரியாப் போயிரும்" என்கிறார். மச்சான் துளைக்குழாய் (நிலத்துக்குள் புதைத்துத் தண்ணீரை வடிக்கும் ஓட்டை போட்ட குழாய்) புதைக்கச் சொல்கிறார். எது நல்லது என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். தண்ணீர் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று உங்கள் மூவருக்குமே இன்னும் தெரியாது. எங்கள் பக்கத்தில் தண்ணீர் நிற்பதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்குச் சரிவராது, சிலவேளை இருப்பதையும் கெடுத்துவிடும். காசைச் செலவழிக்க முன் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மண்வெட்டியும் ஓர் அலவாங்கும் போதும்.

காலத்தை வைத்தே பாதி விஷயம் பிடிபடும். மட்டக்களப்புக்கும் அம்பாறைக் கரையோரத்துக்கும் வருட மழையில் பெரும் பங்கு ஒக்டோபர் கடைசியிலிருந்து பெப்ரவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மாதங்களில் எந்த வளவும் ஈரமாகத்தான் இருக்கும், அது குறையல்ல. மழை விட்டு இரண்டு நாளில் தரை உறுதியாகிவிட்டால், மேலால் ஓடிவந்த தண்ணீர் பள்ளத்தில் தங்கியது, அவ்வளவுதான். பள்ளத்தை மண் போட்டு மட்டப்படுத்திச் சரிவைத் திருப்பினால் வேலை முடிந்தது. மழை விட்டு ஒரு கிழமை கழிந்தும் சதசதவென்று கிடந்தால் கீழே ஏதோ தடுக்கிறது, அல்லது நிலத்தடி நீரே மேலே வந்துவிட்டது. ஆடி ஆவணியில், கச்சான் காற்று அடித்து ஊரே காய்ந்து கிடக்கும்போது அந்த மூலை மட்டும் ஈரமாக இருந்தால் மழையைக் குற்றம் சொல்ல முடியாது. அப்போது பார்க்க வேண்டியவை வேறு.

அவற்றை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். வீட்டுக் குழாய்களையெல்லாம் பூட்டிவிட்டுத் தண்ணீர் மீற்றரைப் பாருங்கள். முள் அசைந்தால் எங்கோ கசிகிறது. தாங்கிக்குப் போகும் குழாய் அந்த மதிலோரமாகப் போகிறதா என்றும் யோசித்துப் பாருங்கள். மலக்குழி பக்கத்தில் இருந்து, புல் மற்ற இடத்தைவிடக் கரும்பச்சையாக மதமதவென்று வளர்ந்து, மணமும் வந்தால் ஊறுகுழி நிரம்பிவிட்டது என்று அர்த்தம்; அதைத் திருத்தாமல் மேலே எதைச் செய்தாலும் வீண். அங்கே பிள்ளைகளை விளையாட விடவும் கூடாது, அந்த மண்ணில் கீரை வைக்கவும் கூடாது. வயலோரக் காணிகளுக்கு மட்டும் இன்னொன்று உண்டு. சிறுபோகத்துக்குக் கல்லோயாத் தண்ணீர் வாய்க்காலில் திறந்துவிட்டால் பக்கத்து வளவுகளில் நிலத்தடி நீர் தானாக ஏறும். வட்டையில், அதாவது வயல்வெளியில், தண்ணீர் நிற்கும் நாட்களும் உங்கள் மூலை நனையும் நாட்களும் ஒத்துப்போனால் சந்தேகமே வேண்டாம். உங்கள் ஈரம் மாரியோடு வந்து மாரியோடு போவதால் இவை எதுவும் இருக்காது என்று நினைக்கிறேன். மீற்றரை மட்டும் ஒருதரம் பார்த்துவிடுங்கள், செலவில்லாத காரியம்.

இனி குழிக்கு வருவோம். மழை இரண்டு மூன்று நாள் ஓய்ந்த ஒரு நேரத்தில், அந்த மூலையின் நடுவில் ஒரு முழத்துக்கு ஒரு முழம் அகலமாக இரண்டரை அடி, முடிந்தால் மூன்று அடி ஆழத்துக்கு வெட்டுங்கள். புல்லைத் தகடாக எடுத்து ஓரமாக வையுங்கள், பிறகு பதிக்கலாம். வெட்டும்போது மண்ணை ஒரே குவியலாகக் கொட்டாமல் வந்த ஒழுங்கில் வரிசையாக வையுங்கள். என்ன மண் எத்தனை அடியில் வந்தது என்பது அந்த வரிசையில் தெரியும்.

வயல் நிரப்பிய காணியில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: மேலே ஒன்றிரண்டு அடி கிரவல் அல்லது கலவை மண், அதன் கீழே கறுத்த வயல் மண், அதற்கும் கீழே அலவாங்கு "ணங்" என்று நிற்கும் ஓர் இறுகிய தட்டு. அந்தத் தட்டு தானாக வந்ததல்ல. தலைமுறை தலைமுறையாகச் சேற்றுழவு செய்து, மாடும் பிறகு டிராக்டரும் மிதித்து, வெள்ளாமைக்குத் தண்ணீர் நிற்க வேண்டும் என்பதற்காகவே உண்டானது. கமக்காரனுக்கு அது தேவை. நீங்கள் அதன் மேலே மண் கொட்டி வீடு கட்டிவிட்டீர்கள், ஆனால் தட்டு அப்படியே இருக்கிறது. பழைய வரம்புகளும் உள்ளே அப்படியே இருக்கக்கூடும். ஆகவே உங்கள் வளவின் கீழே புதைந்த ஒரு சட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீர் நிரப்பு மண்ணுக்குள்ளால் இலகுவாக இறங்கி அந்தச் சட்டியில் தங்கி, சட்டியின் ஆகப் பள்ளமான பக்கத்தில் மேலே தெரிகிறது. மேலிருந்து பார்த்தால் தரை மட்டமாகத்தான் இருக்கும். "பள்ளமே இல்லை, ஏன் நிற்குது?" என்று பலர் குழம்புவது இதனால்தான்.

மண்ணின் நிறத்தையும் பாருங்கள். சாம்பல் அல்லது நீலம் பாய்ந்த மண்ணில் துருப்பிடித்த மாதிரிச் செம்மஞ்சள் புள்ளிகள் இருந்தால், அந்த ஆழம் வருடத்தில் கனகாலம் தண்ணீரில் கிடக்கிறது. காற்றில்லாத மண்ணில் இரும்பு நிறம் மாறுவதால் வருவது அது. அழுகிய முட்டை மணம் வந்தால் அங்கே வேருக்கு மூச்சு இல்லை. சீமெந்துக் கட்டி, ஓட்டுத்துண்டு, பொலித்தீன் உறை கிளம்பினால் கட்டிட வேலைக்காரர்கள் மிச்சத்தைப் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கரையோரத்தில் நல்ல மணல் காணியிலும் தண்ணீர் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம், குழைத்த சாந்து ஒரு தட்டாக இறுகி உள்ளே கிடக்கும். அப்படியென்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, கிண்டி எடுத்தால் சரி.

குழியை ஓர் இரவு அப்படியே விடுங்கள். பலகை போட்டு மூடி மேலே கல் வையுங்கள், பிள்ளைகளோ நாயோ விழக்கூடாது. காலையில் குழிக்குள் தண்ணீர் தரையிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறது என்று அளவுங்கள். அதே காலையில் உங்கள் கிணற்றில், இல்லையென்றால் பக்கத்து வீட்டுக் கிணற்றில், தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்றும் அளவுங்கள். கட்டு உயரத்தைக் கழித்துத் தரையிலிருந்து கணக்கெடுக்க வேண்டும். முழு விஷயமும் இந்த இரண்டு எண்களில்தான் இருக்கிறது. குழியில் ஒரு அடியிலும் கிணற்றில் ஐந்தாறு அடியிலும் தண்ணீர் நின்றால், நடுவில் ஒரு தட்டு தண்ணீரைத் தாங்கி வைத்திருக்கிறது. அதை உடைக்கலாம், அல்லது வடிக்கலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டம் என்றால் நீங்கள் பார்ப்பது நிலத்தடி நீரை. ஊருக்கே பொதுவான தண்ணீரை உங்கள் வளவில் மட்டும் இறக்க முடியாது.

குழி காலையில் காய்ந்திருந்தால் இன்னொரு சோதனை. ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்தில் வேறொரு சின்னக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு குச்சியில் அடையாளம் வைத்துப் பாருங்கள். மணிக்கு ஓர் அங்குலமோ அதற்கு மேலோ இறங்கினால் மண்ணில் குறையில்லை, தண்ணீர்தான் அளவுக்கு மேல் வருகிறது. அரை அங்குலமும் இறங்காவிட்டால் மண்தான் பிரச்சினை.

அளவுக்கு மேல் தண்ணீர் எங்கிருந்து வரும்? கூரையைப் பாருங்கள். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1 லீற்றர் தண்ணீர். 1000 சதுர அடிக் கூரை ஏறத்தாழ 93 சதுர மீற்றர். மார்கழியில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்வது எங்களுக்குப் புதினமில்லை. அன்றைக்கு அந்தக் கூரையிலிருந்து மட்டும் 9,000 லீற்றருக்கு மேல் இறங்கும். பீலி இல்லாத வீட்டில் அது தாழ்வாரத்தடியில் விழுந்து வளவுக்குள் தன் வழியைப் பார்க்கும். பீலி இருந்தும் இறக்குகுழாயை அந்த மூலைப்பக்கமாக விட்டிருந்தால் இன்னும் மோசம், பாதிக் கூரைத் தண்ணீரும் ஒரே இடத்தில். நல்ல மழை நேரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே இறங்கி ஒரு கால்மணி நேரம் நின்று பாருங்கள், தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று. எத்தனையோ புல்தரை வியாதிக்கு மருந்து ஒரு பீலியும் பத்து அடி பிவிசி குழாயும்தான். நிலத்துக்குள் கையை வைப்பதற்கு முதல் இதைச் செய்யுங்கள்.

மணல் விஷயம். மேசன்மாரைக் குறை சொல்லவில்லை, அவர்களுடைய பழக்கம் அத்திவாரத்துக்கு. களிமண்ணின் மேல் இரண்டு டிப்பர் மணலைப் பரப்பினால் என்ன நடக்கும்? தண்ணீர் மணலுக்குள்ளால் சட்டென்று இறங்கிக் களியின் மேல் நிற்கும். மேற்பரப்பு ஒரு வருடத்துக்குக் காய்ந்த மாதிரித் தெரியும், நீங்களும் மேசனுக்கு நன்றி சொல்வீர்கள். பிறகு கால் மிதியில் மணல் கீழே அமிழ, மூலை பழையபடி. களியோடு கொத்திக் கலந்தாலும் பயனில்லை. மொத்தத்தில் பாதிக்கு மேல் மணல் இருந்தால்தான் களியின் குணம் மாறும். அதற்குக் குறைவாகப் போட்டால் களி மணலைச் சுற்றிப் பிடித்துக் கோடையில் கொங்கிறீற்றாக இறுகும். கிரவல் அதைவிடக் கெட்டது. அது இறுகுவதற்கென்றே ரோட்டுக்குப் போடுவது, புல்லுக்கு அல்ல. களியை இளக்க வேண்டுமென்றால் சேதனப் பசளைதான்: உக்கிய சாணம், கூட்டெரு, கொஞ்சம் உமிக்கரி. எங்கள் பக்கம் அரிசி ஆலைகளுக்குப் பஞ்சமில்லை, உமி கிடைக்கும். ஆனால் அது ஒரு போகத்தில் வேலை செய்யாது, வருடா வருடம் போட வேண்டும்.

தட்டுத்தான் காரணம் என்று குழி சொன்னால், அதை உடைக்கும் காலம் ஆவணி, புரட்டாதி. இப்போது தொடவே வேண்டாம். ஈரக் களியைக் கிண்டினால் மண் பிசைந்துபோய்த் துவாரங்கள் அடைபட்டு முன்னதைவிட இறுகும். ஒரு பிடி மண்ணை உருட்டிப் பாருங்கள்: வழுவழுவென்று திரண்டால் காத்திருங்கள், உதிர்ந்தால் வேலையைத் தொடங்கலாம். புல்லைத் தகடாக எடுத்துவிட்டு, இரண்டடி இடைவெளியில் அலவாங்கால் தட்டைத் துளைத்து மறுபக்கம் போகும் வரை ஓட்டை போட்டு, அவற்றைச் சின்னச் சல்லியால் நிரப்பி, மேலே நல்ல மண் போட்டுப் புல்லைத் திருப்பிப் பதிக்கலாம். தட்டின் கீழே மணல் வந்தால்தான் இது பலன் தரும். கீழேயும் களி என்றால் ஓட்டைகளும் தண்ணீரால் நிரம்பி நிற்கும், அவ்வளவுதான். பெக்கோவைக் கொண்டுவந்து கிண்டுகிறேன் என்று போகாதீர்கள். அது உடைப்பதைவிட அதன் பாரம் மற்றப் பக்கத்தை இறுக்குவது கூட.

சரி, மச்சானின் துளைக்குழாய். அது நல்ல முறைதான், நான் எதிரியல்ல. ஆனால் வீடியோக்களில் காட்டும் வளவெல்லாம் மேட்டு நிலம், குழாயின் மறுமுனை மலைச்சரிவில் வெளியே வந்து தண்ணீர் கொட்டும். காரைதீவில் மறுமுனையை எங்கே விடுவது? வாங்குவதற்கு முன் பதில் வேண்டிய கேள்வி இது. மேசனிடம் இருக்கும் தண்ணீர் மட்டக் குழாயை, அந்தத் தெளிந்த பிளாஸ்டிக் குழாயைத்தான் சொல்கிறேன், வாங்கி உங்கள் மூலையின் மட்டத்தையும் றோட்டுக் கானின் (வடிகாலின்) அடிமட்டத்தையும் ஒப்பிடுங்கள். நூறு அடிக்கு ஓர் அடி இறக்கம் வேண்டும்; எட்டு அடிக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். குழாய் ஒன்றரை அடி ஆழத்தில் தொடங்கினால், வெளிவாசல் அதையும்விடக் கீழே இருக்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. அடைமழையில் கான் நிரம்பி ஓடும்போது அதன் தண்ணீர்மட்டம் எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். அது உங்கள் குழாய்க்கு மேலே நின்றால், குழாய் றோட்டுத் தண்ணீரை உங்கள் புல்தரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். கானையும், ஊர்த் தண்ணீர் வடியும் தோணாவையும் துப்புரவாக வைத்திருக்காத ஊரில் இது நடக்காத கதையல்ல.

இறக்கம் இருக்கிறது என்றால் தயங்காமல் போடுங்கள். ஓர் அடி அகலம், ஒன்றரை முதல் இரண்டடி ஆழத்தில் கிடங்கு. முதலில் வடிகட்டித் துணியை விரியுங்கள். ஜியோடெக்ஸ்டைல் என்று கேட்டால் பெரிய ஹாட்வெயார் கடைகளில் தெரியும். பொலித்தீன் போட்டால் தண்ணீரே உள்ளே வராது. துணியின் மேல் இரண்டு அங்குலம் முக்கால் அங்குலச் சல்லி, அதன் மேல் 4 அங்குலத் துளைக்குழாய். துளை கீழ்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். பலர் மேலே பார்த்து வைப்பார்கள், மண் உள்ளே விழுந்து அடைத்துவிடும். பிறகு தரைக்கு நாலைந்து அங்குலம் இருக்கும் வரை சல்லி, துணியை மடித்து மூடி, மேலே மண்ணும் புல்லும். தொடக்க முனையில் ஒரு மூடியுள்ள நிமிர்ந்த குழாய் வைத்தால் அடைத்த காலத்தில் ஹோஸ் விட்டுக் கழுவலாம். உங்கள் தண்ணீரை அடுத்த வளவுக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள். எங்கள் ஊர்களில் மதிலோரத் தண்ணீரால் முறிந்த உறவுகள் அதிகம். கானில் இணைப்பதென்றால் பிரதேச சபையில் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பு வாவிக் கரையில் இருப்பவர்களுக்கு, கல்லடி, நாவற்குடா, புளியந்தீவுப் பக்கம், இடையில் ஒரு வார்த்தை. உங்களுக்குப் பெரும்பாலும் மண் குற்றமில்லை, மணல்தான். மாரியில் வாவி ஏறும்போது வளவுக்குள் நிலத்தடி நீரும் ஏறுகிறது. முகத்துவாரம் வெட்டிக் கடலுக்குத் தண்ணீர் போனதும் வாவியோடு அதுவும் இறங்கும். அங்கே குழாய் புதைத்து வாவிக்குள் விடுவது அர்த்தமில்லாத செலவு. கோடையில் தரையில் வெள்ளையாக உப்புப் பூத்தால் மலேசியன் புல்லும் அங்கே நிலைக்காது, அறுகுதான் தாக்குப்பிடிக்கும்.

உங்களுக்கும் இறக்கம் கிடைக்காமல் போகலாம் என்பதுதான் என் சந்தேகம். காரைதீவு மேடுபள்ளமில்லாத தட்டையான ஊர். அப்படியானால் இரண்டு வழி. ஒன்று, அந்த மூலையை உயர்த்துவது: ஆறு முதல் ஒன்பது அங்குலம் வரை, மணலாலோ கிரவலாலோ அல்ல, மணலும் களியும் கலந்த தோட்ட மண்ணால், நடுவில் சற்று மேடாக. வீட்டுப்பக்கம் சரியக்கூடாது. சுவரடியில் தரை, வீட்டு நிலமட்டத்துக்கு அரை அடியாவது கீழே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் சுவரில் ஏறும். நீங்கள் உயர்த்தினால் அங்கே நின்ற தண்ணீர் வேறிடம் தேடும் என்பதையும் யோசியுங்கள்.

மற்றது, புல் வேண்டாம் என்று விட்டுவிடுவது. என்னைக் கேட்டால் இதைத்தான் செய்வேன். அந்த மூலையை இன்னும் அரை அடி பள்ளமாக்கி, கூரைத் தண்ணீரையும் வேண்டுமென்றே அங்கே திருப்பி, ஈரத்தை விரும்பும் செடிகளுக்குக் கொடுத்துவிடலாம். ஓரத்தில் கல்வாழை, ரம்பை, சேம்பு, பள்ளத்தில் கங்குன், விளிம்பில் வல்லாரையும் பொன்னாங்காணியும். மாரியில் நனைந்து கோடையில் காயும் இடத்துக்கு வெட்டிவேரும் நல்லது, அதன் வேர் நேராகக் கீழே இறங்கும். தென்னம்பிள்ளையையும் வாழையையும் அங்கே வைக்காதீர்கள், நிற்கும் தண்ணீரில் வேர் அழுகும். ஒரே நிபந்தனை, தண்ணீர் கண்ணுக்குத் தெரிய நாட்கணக்கில் தேங்கி நிற்கக்கூடாது. நுளம்பு முட்டையிட்டுப் பறக்க ஏறத்தாழ ஒரு கிழமை போதும், டெங்கு காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் உங்கள் தோட்டக்கலையை ரசிக்கமாட்டார். மூன்று நாளில் வடியாத பள்ளம் என்றால் ஆழத்தைக் குறைத்துவிடுங்கள்.

மாரி முடியும் வரை அந்தப் புல்லுக்குச் செய்யக்கூடியது குறைவு, செய்யக்கூடாதது கூட. மிதிக்காதீர்கள். மோட்டார் சைக்கிளை அவ்வழியால் உருட்டாதீர்கள். புல் வெட்டும் மெசினை ஏற்றாதீர்கள். மஞ்சளாகிவிட்டது என்று யூரியா போடாதீர்கள். வேருக்குக் காற்றில்லாமல்தான் மஞ்சளாகிறது, பசளைக் குறையல்ல, போட்ட யூரியா தண்ணீரோடு கிணற்றுக்குத்தான் போகும். பாசியைச் சுரண்டுவதும் வீண், ஈரம் போனால் அது தானாகக் காயும். மதிலோரத்தில் மாமரமோ வேம்போ நிழல் விழுத்தினால் இரண்டு கொப்பை வெட்டி வெயில் விடுங்கள், அதில் கிடைக்கும் பலன் நீங்கள் நினைப்பதைவிடக் கூட.

குழியை இந்தக் கிழமையே வெட்டுங்கள், மாரித் தண்ணீர் மட்டத்தைக் கோடையில் அளக்க முடியாது. எத்தனை அடியில் என்ன மண் வந்தது, காலையில் குழியிலும் கிணற்றிலும் தண்ணீர் எவ்வளவு கீழே நின்றது, கானின் அடிமட்டம் உங்கள் மூலையைவிட எவ்வளவு தாழ்வு: இவ்வளவையும் எழுதி அனுப்பினால், குழாய் போடுவதா, தட்டை உடைப்பதா, சேம்பு வைப்பதா என்று அடுத்த பதிலில் சொல்கிறேன். மணல் டிப்பருக்குச் சொல்லியிருந்தால் இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.